ரெனசான்ஸ் விழாவுக்கான உடையை நாமே தைத்துக்கொள்ள முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

டெக்சஸுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள், அக்டோபரில் அலுவலக நண்பர்களோடு ரெனசான்ஸ் விழாவுக்குப் போகிறீர்கள், ரவிக்கையும் சுடிதாரும் தைக்கத் தெரியும், ஆயத்தமாக விற்கும் உடைகள் பிடிக்கவில்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக நீங்களே தைக்கலாம். உள்சட்டையிலிருந்து தொடங்குங்கள். கவுன், கழுத்துச் சுருக்கு, தொப்பி எல்லாவற்றையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். வெளியே பாதிகூடத் தெரியாத அந்த வெள்ளை லினன் சட்டை சரியாக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் அதன்மேல் தானாக உட்காரும். ஆறு ஆண்டுகளாக எனக்கும் கணவருக்கும் மகளுக்கும் தைத்து வருகிறேன். இதை முதல் ஆண்டிலேயே எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

விழாவைப் பற்றித் தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம். 1963-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு வானொலி நிலையத்துக்கு நிதி திரட்டுவதற்காக, பதினாறாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் எலிசபெத் அரசி காலத்து இங்கிலாந்துச் சந்தையைப் போல ஒன்றை நடத்தினார்கள். அதிலிருந்து அமெரிக்கா முழுவதும் பரவியதுதான் இது. ஹூஸ்டனுக்கு வடமேற்கே டாட் மிஷன் என்ற சிற்றூரில் நடக்கும் டெக்சஸ் விழா 1974-இல் தொடங்கியது. அக்டோபர், நவம்பர் மாதங்களின் வார இறுதிகளில் நடக்கிறது. குதிரைமேல் ஈட்டிப் போர், கண்ணாடி ஊதுபவர்கள், கொல்லர்கள், இசை, வான்கோழிக் கால் வறுவல் எல்லாம் உண்டு. வேடம் கட்டாயமில்லை. ஜீன்ஸ் போட்டு வருபவர்களும் சிறகு வைத்த தேவதைகளும் ஒரே வரிசையில் டிக்கெட் வாங்குகிறார்கள். ஆகவே வரலாற்றைத் துல்லியமாகப் பின்பற்றாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் அந்தக் காலத் தையல் முறையை ஓரளவு பின்பற்றச் சொல்கிறேன். நாள் முழுக்க வேலை செய்தவர்கள் போட்டிருந்த உடை என்பதால், நாள் முழுக்க நடப்பவருக்கும் அது சுகமாக இருக்கிறது.

முதல் ஆண்டு நான் செய்தது இது. திரைச்சீலைக்கு விற்கும் பாலியஸ்டர் ஜரிகைத் துணியை ஆறு கஜம் வாங்கி, படங்களில் பார்த்த அரசியைப் போல ஒரு கவுன் தைத்தேன். அதை வெறும் உடம்பின்மேல் போட்டேன். அக்டோபர் இரண்டாம் வாரம். வெயில் 32 டிகிரி இருந்தது. பதினொரு மணிக்கு முதுகெல்லாம் ஒழுகியது. இரண்டு மணிக்குத் தலை சுற்றி, ஒரு மரத்தடி பெஞ்சில் படுத்துவிட்டேன். எதிரே மண்பாண்டக் கடை வைத்திருந்த ஓர் அம்மையார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கம்பளிப் பாவாடையும் இறுக்கமான மேலுடையும் போட்டு அவர் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார்; முகத்தில் ஒரு சோர்வும் இல்லை. எப்படி என்று கேட்டேன். தன் கைப்பகுதியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். லினன். "இதுதான் உடை, மற்றதெல்லாம் இதற்கு மேல் போடும் அலங்காரம்" என்றார். அன்று மாலை வீட்டுக்கு வந்து அந்தக் கவுனைப் பிரித்தேன்.

லினன் என்பது ஆளி நாரில் நெய்த துணி. ஈரத்தை உறிஞ்சும், சீக்கிரம் உலரும், உடம்போடு ஒட்டாது. பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அரசியானாலும் பால் விற்பவளானாலும் தோலை ஒட்டி இருந்தது லினன் உள்சட்டைதான். ஆங்கிலத்தில் அதை ஸ்மாக் என்றார்கள்; விழாவுக்கு வருபவர்கள் பெரும்பாலும் கெமீஸ் என்கிறார்கள். பணக்காரருக்கு நூல் மெல்லியது, ஏழைக்கு முரடு, அவ்வளவுதான் வேறுபாடு. வியர்வையையும் அழுக்கையும் வாங்கிக்கொள்வது அது. அடிக்கடி துவைத்ததும் அதைத்தான். மேலே போட்ட கம்பளியையும் பட்டையும் தூசி தட்டி, பிரஷ் செய்து வைத்துவிடுவார்கள்.

வெட்டுவது எளிது. முழுச் சட்டையும் செவ்வகம், சதுரம், முக்கோணம். வளைவான வெட்டு ஒன்றுகூட வேண்டாம். துணி கையால் நெய்யப்பட்டு விலை கூடுதலாக இருந்த காலத்தில் ஒரு துண்டையும் வீணாக்காமல் வெட்டக் கண்டுபிடித்த வழி இது. ஐந்தடி மூன்றங்குல உயரம் என்றால் 58 அங்குல அகலத்தில் மூன்று கஜம் லினன் போதும். நடுத்தரக் கனத்தில், சதுர கஜத்துக்கு 5 அவுன்ஸ் அளவில் உள்ள வெள்ளைத் துணியாகப் பாருங்கள். வாங்கியதும் வெந்நீரில் இரண்டு முறை துவைத்து உலர்த்துங்கள். லினன் நன்றாகச் சுருங்கும். அதைத் தைப்பதற்கு முன்பே சுருங்கவிட வேண்டும். பிறகு முன்னுக்கும் பின்னுக்கும் 28 அங்குல அகலம், 45 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு. கைக்கு 20 அங்குலம் அகலம், 22 நீளம். 12 அங்குல அகலமும் 26 அங்குல நீளமும் உள்ள இரண்டு செவ்வகங்களை மூலைக்கு மூலை வெட்டினால் நான்கு முக்கோணம் கிடைக்கும். அவற்றைப் பக்கவாட்டில் இடுப்புக்குக் கீழே வைத்தால் நடக்கத் தாராளமான வீச்சு வந்துவிடும். மீதித் துண்டில் மணிக்கட்டுப் பட்டியும் கழுத்துப் பட்டியும் எடுக்கலாம்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். அக்குளில் ஐந்து அங்குலச் சதுரம் ஒன்றை வைரம் போலத் திருப்பி வைத்துத் தைக்க வேண்டும். நம் ரவிக்கையில் கைக்குழியை வளைத்து வெட்டுவதால் அது இல்லாமல் சமாளிக்கிறோம். இங்கே கை நேரான துண்டாகத் தோளில் சேர்கிறது. அந்தச் சதுரம் இல்லாவிட்டால் கையைத் தூக்கும்போதெல்லாம் சட்டை முழுவதும் மேலே ஏறும், ஒரு நாள் அக்குளில் கிழியும். சதுரத்தின் நான்கு மூலைகளிலும் முதலில் கைத்தையல் போட்டுவிட்டுப் பிறகு இயந்திரத்தில் ஓட்டுங்கள். லினன் பிசிறு விடும் என்பதால் ஒவ்வொரு தையலையும் உள்ளே மடித்து அமுக்கித் தைக்க வேண்டும். இதற்கு ஒரு வார இறுதி முழுவதும் போகும். போகட்டும்.

அடுத்து, யாராகப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். எல்லோருக்கும் அரசியாகத்தான் ஆசை. நகரத்துப் பெண்ணாக, ஒரு ரொட்டிக் கடைக்காரியாக, துணி வியாபாரியின் மனைவியாகப் போங்கள் என்பதே என் யோசனை. அந்தக் காலத்தில் உடை என்பது ஒருவரின் படிநிலையை அப்படியே சொல்லிவிடும், சட்டமே இருந்தது. 1574 ஜூனில் எலிசபெத் வெளியிட்ட அரசாணை, ஊதா நிறப் பட்டுத் துணியையும் தங்க இழைத் துணியையும் யார் யார் உடுத்தலாம் என்று படிப்படியாக வகுத்துச் சொல்கிறது. 1571-இல் வந்த இன்னொரு சட்டம், ஆறு வயதுக்கு மேற்பட்ட சாமானியர் ஞாயிற்றுக்கிழமையிலும் விழா நாளிலும் இங்கிலாந்தில் செய்த கம்பளித் தொப்பி போட வேண்டும் என்றது. உள்நாட்டுத் தொப்பித் தொழிலைக் காப்பாற்றத்தான். அரசவை உடைக்கு வளையக் கூடு வைத்த உள்பாவாடை, அடுக்கடுக்கான மேலுடை, நகை எல்லாம் சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் அரைகுறையாகத் தெரியும். நகரப் பெண்ணின் உடைக்கு உள்சட்டை, கர்ட்டில், முன்னங்கி (ஏப்ரன்), தலைத்துணி நான்கும் போதும். அந்த நான்கையும் முழுமையாகச் செய்துவிட முடியும் என்பதுதான் அதன் அழகு.

கர்ட்டில் என்பது மேலுடையும் பாவாடையும் ஒன்றாகச் சேர்ந்த உடை. நெஞ்சுப் பகுதி இறுக்கமாக, முன்பக்கம் கயிற்றால் கட்டுவது. ரவிக்கை தைத்த கைக்கு இங்கேதான் பழக்கம் குறுக்கே வரும். நாம் மார்புக்கு டாட் (துணியை முக்கோணமாக மடித்துத் தைக்கும் பிடிப்பு) பிடிப்போம், கிண்ணம் போல வடிவம் கொடுப்போம். இதில் டாட் கிடையாது. அந்தக் காலத்து நெஞ்சுத் துணி உடம்பை ஏறக்குறைய ஒரு கூம்பாக ஆக்கிவிடும். வடிவம் முழுவதும் பக்கத் தையலிலும் முன் ஓரத்தின் இறுக்கத்திலும் வருகிறது. நான் முதலில் வெட்டிய மாதிரியில் கை தானாகவே டாட் பிடித்துவிட்டது. போட்டுப் பார்த்தபோது ரவிக்கைக்குக் கயிறு கட்டியது போல இருந்தது.

அந்த ஆண்டு அம்மா ஆறு மாதம் எங்களோடு வந்து தங்கியிருந்தார். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மிதி இயந்திரத்தை வைத்து முப்பது ஆண்டு ரவிக்கை தைத்துக் கொடுத்தவர். மாதிரியைத் தாளில் வரைவதை அவர் ஏற்கவில்லை. "உடம்பின் மேலேயே வெட்டலாமே" என்றார். பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து, உள்சட்டையின்மேல் என் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று வைத்து, தோளிலும் பக்கத்திலும் குண்டூசி குத்திக்கொண்டே வந்தார். மார்பைக் கையால் மேலே தாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, அதன் கீழே துணியை இழுத்துப் பக்கத்துக்குத் தள்ளினார். நான் வயிற்றை உள்ளே இழுத்தபோது, "மூச்சை விட்டுச் சாதாரணமாக நில், நாளைக்குச் சாப்பிட வேண்டாமா?" என்று அதட்டினார். நாற்பது நிமிடத்தில் டாட் இல்லாத நெஞ்சுத் துணி என் உடம்பில் இருந்தது. இன்றுவரை அந்தப் படுக்கை விரிப்புத் துண்டுதான் என் மாதிரி. பின்னாளில் படித்தபோது, உடம்பின்மேல் துணியை வைத்து அளவெடுப்பதுதான் இந்த உடைக்குப் பலரும் சொல்லும் வழி என்று தெரிந்தது. உங்களுக்கும் நம்பிக்கையான ஒருவரைக் கூப்பிட்டு இப்படியே செய்யுங்கள், தனியாகச் செய்யாதீர்கள்.

வெட்டும்போது முன் ஓரம் நேர் நூலில் இருக்கட்டும், சாய்ந்தால் இழுபடும். உங்கள் சுற்றளவைவிட இரண்டு அங்குலம் குறைத்தே வெட்டுங்கள். கயிறு கட்டும்போது நடுவே இடைவெளி தெரிய வேண்டும். உடம்புச் சூட்டில் துணி இளகும், மாலைக்குள் அந்த இடைவெளி மூடிக்கொள்ளும். உள்ளே இரண்டு அடுக்கு முரட்டு லினன் அல்லது பருத்தி கேன்வாஸ் வையுங்கள். முன் ஓரம் சுருங்கி மடங்காமல் இருக்க, இரு பக்கமும் ஒவ்வொரு குச்சி செருகலாம். இதற்கு வீட்டு உபயோகப் பொருள் கடையில் கிடைக்கும் கனமான கேபிள் டையை வாங்கி, அளவுக்கு வெட்டி, முனையை உப்புத்தாளால் உருட்டித் தேய்த்துக்கொண்டால் போதும். அந்தக் காலத்தவர் நாணல் தண்டும் பிறகு திமிங்கிலத்தின் வாய்த் தகடும் வைத்தார்கள். பிளாஸ்டிக் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது; இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

கயிறு கோக்கும் கண்களில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சுத்தியால் அடித்துப் பொருத்தும் உலோக வளையங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தவை. அவை துணியை அறுத்துத்தான் உட்காரும், இறுக்கும்போது பிய்த்துக்கொண்டு வரும். எனக்கு முதல் ஆண்டே மூன்று பிய்ந்தன. கையால் போடும் கண் அப்படி இல்லை. கூரான குத்தூசியால் துணியின் இழைகளை அறுக்காமல் விலக்கித் துளை செய்ய வேண்டும். பிறகு தேன்மெழுகு தடவிய நூலால் சுற்றிலும் நெருக்கமாகச் சுற்றித் தைக்க வேண்டும். இழை அறாததால் இழுக்க இழுக்க இறுகுமே தவிரக் கிழியாது. அம்மா ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு, "காஜா எடுக்கிறதைவிட இது சுலபம்" என்றார். எனக்கு முதல் கண்ணுக்குக் கால் மணி நேரம் பிடித்தது, இருபதாவது கண்ணுக்கு ஆறு நிமிடம். ஒரு கர்ட்டிலுக்கு இருபத்துநான்கு கண் போட்டேன். எதிரெதிரே நேராகப் போடாமல், மேலும் கீழும் உள்ள ஜோடிகளைத் தவிர மற்றவற்றை ஒன்றுக்கொன்று பாதி தள்ளிப் போடுங்கள். அப்போதுதான் ஒரே கயிற்றைச் சுருளாக, ஏணிப்படி ஏறுவது போலக் கோக்க முடியும். ஷூவுக்குப் போடுவது போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவது படங்களில் வரும் பழக்கம். சுருளாகக் கட்டினால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாலே போதும், முழுவதும் இறுகும்; கழிப்பறையிலும் காரிலும் தளர்த்துவதும் அவ்வளவு சுலபம்.

பாவாடை மூன்று கஜச் சுற்று. இடுப்பில் நம் பாவாடை போல நாடா கோத்துச் சுருக்கினால் குவியலாக நிற்கும். மாறாக, மேல் ஓரத்தில் ஒரே அளவாக இரண்டு வரிசை ஓட்டுத் தையல் போட்டு நூலை இழுங்கள். குழல் குழலாக மடிப்பு விழும். ஒவ்வொரு குழலையும் நெஞ்சுத் துணியின் ஓரத்தோடு தனித்தனியாகக் கையால் பிடிக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே அது எழும்பி விழும் அழகு வேறு எதிலும் வராது. விளிம்பு கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். மழை பெய்தால் அந்த மைதானம் சேறு, பெய்யாவிட்டால் புழுதி. விளிம்பில் மூன்றங்குலப் பட்டி ஒன்றை வேறு நிறத்தில் வைத்துவிடுங்கள், தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். அந்தக் காலத்தவரும் அதற்காகத்தான் வைத்தார்கள்.

நிறத்துக்கு மூன்று செடிகளை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: சிவப்புக்கு நம் மஞ்சிட்டியின் ஐரோப்பிய உறவான மேடர் வேர், மஞ்சளுக்கு வெல்டு, நீலத்துக்கு வோட். வோட் இலையில் இருக்கும் நீலமும் நம் அவுரியின் நீலமும் ஒரே பொருள்தான். செங்கல் சிவப்பு, கடுகு மஞ்சள், சாம்பல் நீலம், இவற்றைக் கலந்து வரும் பச்சை, ஆரஞ்சு ஆகியவற்றில் எதை எடுத்தாலும் பொருந்தும். என் கர்ட்டில் செங்கல் நிற மெல்லிய கம்பளி. மகளுடையது கடுகு நிற லினன்.

பழைய பட்டுப் புடவையை வெட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மாங்காயும் ருத்ராட்சக் கரையும் எங்கே வைத்தாலும் காஞ்சிபுரம் என்றுதான் சொல்லும், அதோடு ஜரிகை நகரப் பெண்ணுக்கு உரியதும் அல்ல. அம்மாவின் புடவையை வெட்டிவிட்டு வருந்திய ஒருவரை எனக்குத் தெரியும். கலம்காரி அச்சுத் துணியும் பொருந்தாது. காலிகோ என்ற சொல்லே கோழிக்கோட்டிலிருந்து போனது என்றாலும், கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1600-இல். நம் அச்சுப் பருத்தி இங்கிலாந்தைப் பிடித்துக்கொண்டது அதற்கும் பல பத்தாண்டுகள் கழித்துத்தான். புடவை கட்டியே விழாவுக்குப் போக விருப்பமென்றால் முழுப் புடவையாகக் கட்டிக்கொண்டு போங்கள். மிக அழகாக இருக்கும்.

தலையில் நமக்கு ஒரு வசதி உண்டு. அந்தக் காலத்துப் பெண்கள் நீண்ட கூந்தலை இரண்டு பின்னலாகப் பின்னி, நாடாவோடு சேர்த்துத் தலையைச் சுற்றி வளைத்துத் தைப்பது போல முடிந்துகொண்டு, அதன்மேல் காய்ஃப் என்ற லினன் தலைத்துணியைக் குண்டூசியால் குத்துவார்கள். ஹேர்பின் தேவையில்லை, நாள் முழுக்க நகராது. பள்ளிக்கு ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய பின்னலை நினைத்துக்கொள்ளுங்கள், கை தானாகச் செய்துவிடும். இங்குள்ள என் தோழிகள் பலர் பொய்ப் பின்னல் வாங்கி வைக்கிறார்கள்.

கழுத்தைச் சுற்றிய அந்தப் பெரிய சுருக்குப் பட்டையை இந்த ஆண்டு தொடாதீர்கள். பல கஜம் மெல்லிய லினனும் கஞ்சியும் சூடான கம்பியும் கேட்கும் வேலை அது. 1564-இல் ஃபிளாண்டர்ஸிலிருந்து லண்டனுக்கு வந்த டிங்கென் வான் டெர் பிளாசே என்ற பெண் கஞ்சி போடக் கற்றுக்கொடுப்பதையே தொழிலாக நடத்திய அளவுக்கு அது தனி வித்தை. கணவருக்கும் தைக்க வேண்டுமென்றால் அதே உள்சட்டையைத் தொடைவரை குறைத்து, கழுத்தில் பட்டி வைத்தால் போதும். மேலே கை இல்லாத ஒரு கம்பளிச் சட்டை.

செலவு எனக்கு எல்லாம் சேர்த்து நூற்றைம்பது டாலருக்குள் முடிந்தது, பெரும்பகுதி துணிக்கு. காலம்தான் கூடுதலாக வேண்டும். உள்சட்டைக்கு இரண்டு வார இறுதி, கர்ட்டிலுக்கு ஐந்து, தலைத்துணியும் முன்னங்கியும் ஒரே நாளில் ஆகிவிடும். ஜூலை கடைசியில் துணி வாங்கிவிட்டால் அவசரமில்லாமல் முடிக்கலாம். விழாவுக்கு முன் ஒரு நாள் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வீட்டில் சமையல் செய்து, குனிந்து பெருக்கி, உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள். எங்கே பிடிக்கிறது, எங்கே உரசுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

உங்கள் உயரமும் மார்பு, இடுப்புச் சுற்றளவும் வாங்கப்போகும் துணியின் அகலமும் கருத்தில் எழுதுங்கள். எத்தனை கஜம் வேண்டும், எப்படி மடித்து வெட்டினால் மிச்சமாகும் என்று நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.